வீட்டுக்குள் ஓடும் இரண்டு தண்ணீர்

(வீட்டு உரிமையாளர்களிடையே ராஜபாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசுவதென்றால் பேச்சை மேற்கு மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு ராஜபாளையத்துக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செண்பகத்தோப்பு மலையடிவாரத் தண்ணீர். ஊர் பெருகப் பெருக இவை போதாமல் இரண்டு ஊருக்கும் தாமிரபரணித் தண்ணீரும் குழாய் வழியே வந்து சேர்ந்தது. இதைத்தான் நாம் ‘நல்ல தண்ணீர்’ என்கிறோம். இதுவும் தினமும் நாள் முழுக்க வருவதில்லை. நாள் இடைவெளி விட்டு, குறித்த நேரத்துக்கு மட்டும் வருகிறது. மீதிப் பாட்டுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர், அதாவது போர் தண்ணீர். பெரும்பாலான தெருக்களில் அது உப்புத் தண்ணீர்.

ஆக, நம் வீடுகளில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று மென்மையானது, ஆனால் நேரத்துக்குத்தான் வரும். இன்னொன்று எப்போதும் கிடைக்கும், ஆனால் கடினமானது. வெளிநாட்டுப் புத்தகங்களிலும் பெருநகரத்துக் கடைகளிலும் சொல்லப்படும் பராமரிப்பு முறைகள், இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அழுத்தத்தில் ஒரே தண்ணீர் வரும் வீட்டுக்காக எழுதப்பட்டவை. நம் வீட்டில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த இரண்டு தண்ணீரிலிருந்தும், இடைவெளி விட்டு வரும் விநியோகத்திலிருந்துமே பிறக்கிறது. இதைப் புரிந்துகொண்ட வீட்டுக்காரருக்குப் பாதிச் செலவு மிச்சம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் இடைவெளி விட்டு வருவதன் விளைவைப் பார்ப்போம். தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் உள்ளே அழுத்தம் இருக்கும். ஏதாவது இணைப்பு பழுதாகியிருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நிறுத்திய பிறகு குழாய் காலியாகும்போது நிலைமை தலைகீழாகிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே ஓட்டை வழியாக வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். வாறுகால் ஓரமாகப் போகும் குழாய் எதை இழுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் வந்தவுடன் முதலில் வருவதைப் பிடிக்காமல் கீழே விடும் பழக்கம் நம் தாய்மார்களிடம் உண்டு. அது மிகச் சரியான பழக்கம். முதல் சில குடங்களைச் செடிக்கோ வாசல் தெளிக்கவோ விடுங்கள்.

இதே காரணத்தால்தான் தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நகராட்சி தடை செய்திருக்கிறது, பிடிபட்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள் என்பது ஒருபுறம். மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும் வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் வாயாக மாறுகிறது. மேட்டில் இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாமல் போகிறது. தாழ்ந்த இடத்து வீட்டுக்குச் சாக்கடை கலந்து வருகிறது. ஒரு வீடு இழுத்ததற்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கில் படுக்கிறது. முறை என்னவென்றால், தெருக் குழாய்த் தண்ணீர் தானாக விழும்படி தரைமட்டத்தில் ஒரு தொட்டி கட்டி, மோட்டாரை அந்தத் தொட்டிக்கு மட்டும் வையுங்கள். தொட்டி சாக்கடையிலிருந்து தள்ளி இருக்கட்டும். மூடியின் விளிம்பு தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் புகாது.

அடுத்தது காற்றடைப்பு. ‘தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் மட்டும் வரவில்லை’ என்று பிளம்பருக்குப் போன் போகும். தண்ணீர் வராத நாளில் மாடித் தொட்டி சுத்தமாகக் காலியாகிவிடும். அப்போது பைப்புக்குள் காற்று புகும். மறுபடி நிரப்பும்போது, பைப் எங்கே மேலேறி வளைகிறதோ அந்த வளைவில் காற்று சிக்கிக்கொண்டு தண்ணீரைத் தடுத்துவிடும். தொட்டியிலிருந்து வெளியேறும் பைப்பில், கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ போட்டு, தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாய் நிறுத்தினால் இந்தத் தொல்லையே வராது. வீடு கட்டும்போது மிச்சம் பிடிக்கிறோம் என்று இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மொத்தமும் சில அடி பைப்தான்.

மாடியில் ஷவர் சரியாக வரவில்லை என்ற குறையும் இதனோடு சேர்ந்து வரும். இதற்குக் கணக்கு இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடிக் குளியலறை ஷவருக்கு நேர்மேலே 2 மீட்டரில் தொட்டி இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். விலையுயர்ந்த ஷவர் வாங்கி மாட்டினாலும் இதை மாற்ற முடியாது. தொட்டியின் மேடையை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். மேடையை உயர்த்தும்போது ஒன்றை மறக்காதீர்கள். 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ தூணோ தாங்கும் இடமாகப் பொறியாளரைக் கேட்டு வையுங்கள்.

தொட்டியைக் கழுவுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையில் பலத்த மழை பெய்த வாரத்தில் தண்ணீர் கலங்கலாக வரும். அந்த வண்டல் தொட்டியின் அடியில் படியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள், அதில் ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகாக இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரில் குளோரின் போடுவதானால் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

இனி உப்புத் தண்ணீருக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இதோ மேசையில் இருப்பது ஒரு வீட்டிலிருந்து கழற்றிய அரை அங்குலப் பித்தளைக் குழாய். கைப்பிடியை எடுத்துவிட்டு மேல்பாகத்தைத் திருகிக் கழற்றுகிறேன். இது ஸ்பிண்டில். இதன் அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரைத் திருப்பிப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவினால், வாஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பு தட்டுப்படும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். இதில் நறநறவென்று இருக்கிறது. உப்பு படிந்திருக்கிறது. அந்தப் பொருக்கின் மேல் ரப்பர் சரியாக உட்காராது, ஓரமாக ஒரு இழை தண்ணீர் ஒழுகும். ஒழுகுகிறதே என்று நாம் இன்னும் பலமாகத் திருகுகிறோம். பொருக்கு ரப்பரை இன்னும் வெட்டுகிறது. மறுநாள் இன்னும் ஒழுகும். குழாயைக் கெடுப்பதில் பாதி வேலையை நம் கையே செய்துவிடுகிறது.

சரிசெய்வது யாராலும் முடியும். கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். ஸ்பேனர் படும் இடத்தில் துணியைச் சுற்றிக் கழற்றுங்கள். விளிம்பில் உள்ள உப்பை வினிகரில் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடையுங்கள். புது வாஷர் சில ரூபாய்தான். ஆனால் பித்தளை விளிம்பே அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் வாஷர் மாற்றிப் பயனில்லை, குழாயை மாற்றிவிடுங்கள்.

இப்போது வரும் கால் திருகுக் குழாய்களில் ரப்பர் வாஷர் கிடையாது. இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்கின்றன. உப்பைவிட மணல் துகள்தான் அவற்றுக்கு எமன். போரிலிருந்து ஏறும் பைப்பில் ஒரு வலை வடிகட்டி போட்டு, மாதம் ஒரு முறை கழுவினால் அந்தக் குழாய்கள் நெடுநாள் உழைக்கும். குழாய் வாங்கும்போது உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கிடைக்காது என்றால், அந்தக் குழாய் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

கீசரில் இதே உப்பு இன்னும் வேகமாகப் படியும். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டால் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து சூடேற்றும் கம்பியின் மேல் வெள்ளைப் பாறையாக ஒட்டிக்கொள்கிறது. பிறகு கம்பி முதலில் அந்தப் பாறையைச் சூடாக்கி, அதன் வழியாகத்தான் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். மின்கட்டணம் ஏறும், சூடாகும்போது சடசடவென்று சத்தம் வரும், ஒருநாள் கம்பி எரிந்துபோகும். இந்திய தரநிலை குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர் தண்ணீரை ஒரு முறை பரிசோதித்துப் பாருங்கள். 600-ஐத் தாண்டியிருந்தால் கீசருக்கு நல்ல தண்ணீர் இணைப்பைக் கொடுங்கள். வருடம் ஒரு முறை கம்பியில் உப்பை எடுக்கச் சொல்லும்போதே உள்ளே இருக்கும் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதே அதன் வேலை. அது தேய்ந்து தீர்ந்த பிறகுதான் தொட்டி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. கீசரின் சேஃப்டி வால்வில் சொட்டு வருகிறது என்று அதை அடைத்துவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வெளியேற அது ஒன்றுதான் வழி. அடைத்தால் கீசர் வெடிக்கும்.

உப்புக் கறையைப் போக்க ஆசிட் வாங்கி ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆசிட் குழாயின் முலாமைத் தின்னும், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்டைக் கரைக்கும், அந்த இடுக்கு வழியாகத்தான் பிறகு கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காக்கும். அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இரண்டு தண்ணீருக்கும் தொட்டி முதல் குழாய் வரை தனித்தனிப் பாதை இருக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டு பாதையையும் ஒரு கேட் வால்வு வைத்து இணைத்திருப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. உப்பு படிந்த கேட் வால்வு முழுதாக மூடாது. மூடிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், சமையலறைக் குழாயில் போர் தண்ணீர் கலந்துகொண்டிருக்கும். இணைப்பு வேண்டுமென்றால் யூனியன் போட்டுக் கழற்றி மாட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்தால்தான் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

சொட்டும் குழாயால் எவ்வளவு போய்விடும் என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போய் ஒரு டம்ளரை அடியில் வையுங்கள். பத்து நிமிடத்தில் 100 மில்லி சேர்ந்தால், நாளுக்கு 14 லிட்டருக்கு மேல். ஏறத்தாழ ஒரு குடம். மாதத்துக்கு 430 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், இல்லாத ஊருக்கு 70 லிட்டரும் வேண்டும் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு வகுத்த அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு சின்ன ஒழுகல், ஒருவருக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும் தண்ணீரை மாதந்தோறும் வாறுகாலில் விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கும் சோதனை உண்டு. இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கரியால் கோடு போட்டு வையுங்கள். காலையில் யாரும் புழங்குவதற்கு முன் பாருங்கள். இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டியின் கேட் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது இறங்கவில்லையென்றால் கசிவு பைப்பிலோ ஃப்ளஷ் டேங்கிலோ இருக்கிறது. ஃப்ளஷ் டேங்குக்குள் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். கழிவறைக் கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. சத்தமே போடாமல் அதிகத் தண்ணீரைக் குடிப்பது இந்த இடம்தான்.

பைப் வகையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பழைய வீடுகளில் உள்ள இரும்புக் குழாய் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே துருவும் உப்பும் சேர்ந்து சுருங்கியிருக்கும். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் மற்ற இடங்களும் தயாராக இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஒட்டுப் போட்டுக் காலம் தள்ளாதீர்கள். வெந்நீருக்குச் சி.பி.வி.சி. மட்டும். சாதாரணப் பி.வி.சி. சூட்டில் இளகிவிடும். மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் பி.வி.சி. பைப்புக்கு வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள், நம் சித்திரை வெயிலில் அது சீக்கிரம் நொறுங்கும். புது வீடு கட்டுகிறவர்கள், சுவருக்குள் பதித்த பைப்பைப் பூசி மறைப்பதற்கு முன் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரியும்படி செல்போனில் படமெடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படம் காப்பாற்றும்.

இனி வெளியே போகும் தண்ணீர்.

குளியலறையிலிருந்து நாற்றம் வருகிறது, கரப்பான் வருகிறது என்பார்கள். இதைத் தடுக்கும் வழி பழையது. 1775-ல் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக் கலைஞர் லண்டனில் ஒரு காப்புரிமை பெற்றார். கழிவறைக் குழாயை வளைத்து, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி செய்தார். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்குத் தடுப்பு. இன்று உங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் உள்ள நஹானி டிராப், வாஷ் பேசின் அடியில் உள்ள வளைவு எல்லாமே அந்த யோசனையின் வழி வந்தவைதான். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு முறை ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், நாற்றத்துக்கு மருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிய பிறகும் நாற்றம் வந்தால், மாடிக்கு மேலே போகும் காற்றுக் குழாயில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடைப்பு பெரும்பாலும் சமையலறையில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் பால்கோவா கிண்டிய சட்டியைக் கழுவும் தண்ணீரில் நெய்யும் பால் ஆடையும் இருக்கும். சூட்டில் இளகி ஓடி, பைப்புக்குள் ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோற்றுப் பருக்கை, தேயிலை, பிறகு இன்னும் கொழுப்பு. இப்படிச் சேர்ந்த ஒரு பைப்பை அறுத்துப் பார்த்தேன். இரண்டங்குலப் பைப்பில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மீதியெல்லாம் சோப்புக் கட்டி போல இறுகியிருந்தது. வீட்டில் செய்பவர்கள் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தொழிலாகச் செய்பவர்கள் சிங்குக்கும் சாக்கடைக்கும் நடுவே கொழுப்பு மிதந்து நிற்க ஒரு சிறு தொட்டி கட்டி, வாரந்தோறும் வழித்தெடுங்கள்.

ஆடிப்பூரத் தேர் இழுக்கும் வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் ஆள் பெருகும். நாலு பேர் புழங்கும் கழிவறையை இருபது பேர் புழங்குவார்கள். அரைகுறை அடைப்பு முழு அடைப்பாவது அந்த வாரத்தில்தான். ஆனி மாதத்திலேயே எல்லாச் சாக்கடைச் சேம்பர் மூடிகளையும் திறந்து பார்த்துவிடுங்கள். மேல் சேம்பரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் கீழ்ச் சேம்பரில் உடனே வந்து விழ வேண்டும். தயங்கி வந்தால் நடுவில் அடைப்பு. நாலங்குலப் பைப்புக்கு நாற்பதடிக்கு ஓரடி சரிவு என்பது பழைய கணக்கு, இன்றும் அது சரி. சரிவு குறைந்தால் கசடு தங்கும்.

ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடை வந்துகொண்டிருக்கிறது. இணைப்பு வாங்கும்போது மழைநீர்க் குழாயை அதில் சேர்க்காதீர்கள். பெருமழையில் சாக்கடை எதிர்த்து வீட்டுக்குள் ஏறும். மொட்டை மாடி மழைநீர் 2003 முதல் சட்டப்படி நிலத்துக்குள் இறங்க வேண்டியது. உங்கள் போர் தண்ணீரின் உப்பைக் குறைக்கக்கூடியதும் அந்த மழைநீர்தான்.

இன்னும் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லாமல் பேசுவேன். செப்டிக் டேங்குக்குள் எந்த மனிதரையும் எந்தக் காரணத்துக்காகவும் இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அளவு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்து நாற்றம் தெரியாது. நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் சில மூச்சில் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ‘ஆள் இருக்கிறார், ஐந்நூறு ரூபாய்க்கு இறங்கிவிடுவார்’ என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, நிரம்பி வழிவதற்கு முன்பே, உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணில் கேட்கலாம், நகராட்சி அலுவலகத்திலும் கேட்கலாம். லாரி வருவதற்கு முன் மூடி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் டைல்ஸ் பதித்து மறைக்காதீர்கள். திறந்ததும் உடனே குனிந்து பார்க்க வேண்டாம், காற்றோட நேரம் கொடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். வேலை முடிந்ததும் மூடியைச் சிமென்ட் பூசி மூடி, அன்றைய தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள்.